ஒலியால் செல்களை வரிசையில் நிறுத்துவது எப்படி?

குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து, உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுநிலை படிக்கும் மாணவி ஒருவர் எழுதிய கேள்வி இது: "ஒலி அலைகளைக் கொண்டு செயற்கைச் செல்களையும் உயிருள்ள செல்களையும் ஒரே தட்டில் வரிசையாக அடுக்குகிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒலி ஒரு செல்லை எப்படிப் பிடித்து நிறுத்தும்? அதில் செல் செத்துப்போகாதா? செயற்கைச் செல்லை வரிசையில் வைத்து என்ன காணப்போகிறார்கள்? கோயில் மணியும் மந்திரமும் இதைத்தானே செய்கின்றன என்று வீட்டில் ஆச்சி கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?"

நான் நாகர்கோவிலில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பழக்கம் ஒலியோடுதான், செல்லோடு அல்ல. ஆனாலும் இந்தக் கேள்வியில் பாதிக்கு மேல் ஒலியியல் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தச் செய்தியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் காட்டும் ஓர் ஒப்புமையை ஒதுக்கிவைக்க வேண்டும். ஓர் உலோகத் தகட்டின் நடுவை மட்டும் பிடித்துக்கொண்டு, மேலே மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால் மணல் கோடுகளாகச் சேரும். ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-ல் வெளியிட்ட நூலில் இந்த வடிவங்களை வரைந்து காட்டினார். சி. வி. ராமனும் மிருதங்கத் தோலின் அதிர்வு முறைகளைக் காண மணலைத்தான் தூவினார். நானும் ஆண்டுதோறும் இதைச் செய்து காட்டுவேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து ஒரு டப்பாவில் அள்ளி வந்த மணலில் கறுப்பு இல்மனைட்டும் செம்மையான கார்னெட்டும் வெள்ளை மணலும் கலந்திருக்கும். ஒலிபெருக்கியோடு இணைத்த அலுமினியத் தகட்டின் மேல் அவை துள்ளித் துள்ளி ஓடிக் கோட்டில் நிற்கும். முதல் முறை அதைப் பார்த்த ஆய்வக உதவியாளர், "சாரே, இது கோலம்லா போடுது" என்றார். அழகான காட்சிதான். ஆனால் செல்கள் அப்படிச் சேர்வதில்லை.

தகடு மேலும் கீழும் அதிரும் இடத்தில் மணல் தூக்கியெறியப்படுகிறது. அதிராத கோட்டில் விழும்போதுதான் அதற்கு ஓய்வு கிடைக்கிறது. அதாவது மணல் அசைவற்ற இடத்தை, கணுவை, நாடிச் சேர்கிறது. அதே தகட்டில் மிக நுண்ணிய தூளைத் தூவினால் அது நேர்மாறாக, அதிர்வு அதிகமாக இருக்கும் இடத்தில் குவியும். தகட்டை ஒட்டி எழும் காற்றோட்டம் இலேசான தூளை அங்கே அள்ளிச் செல்கிறது என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-ல் காட்டினார். நீருக்குள் மிதக்கும் செல்லுக்கு விழுந்து துள்ளத் தகடும் இல்லை. அதைப் பிடித்து நிறுத்துவது அத்தகைய நீரோட்டமும் அல்ல. நீரின் உள்ளேயே எழும் வேறொரு விசை அதை நகர்த்துகிறது.

ஒரு சிறு தொட்டியின் இரு பக்கங்களிலும், மின்னழுத்தம் கொடுத்தால் விரிந்து சுருங்கும் பீங்கான் வில்லைகள் இரண்டை வைப்பதாகக் கொள்ளுங்கள். அழுத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் சில படிகங்களில் உள்ள இந்த உறவை 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும். இரு வில்லைகளும் ஒரே அதிர்வெண்ணில் நீரை அதிரவைத்தால், எதிரெதிரே வரும் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, நகராமல் நிற்கும் அலையாகின்றன; இதுவே நிலையலை. சில தளங்களில் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அவற்றுக்கு இடையில் உள்ள தளங்களில் அழுத்தம் மாறுவதே இல்லை. மாறாத தளங்களே அழுத்தக் கணுக்கள். அடுத்தடுத்த இரு கணுக்களுக்கு இடையிலான தொலைவு அலைநீளத்தில் சரிபாதி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அழுத்தக் கணுவில் நீர் அசையாமல் இருப்பதில்லை; அங்கேதான் நீர்த்துகள்கள் மிக அதிகமாக முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. பெரும்பாலான செல்கள் சென்று சேர்வதும் அங்கேதான். கிளாட்னியின் மணல் அசைவற்ற இடத்துக்குப் போனது. செல்லோ அசைவு மிகுந்த, அழுத்தம் மாறாத இடத்துக்குப் போகிறது. தேர்வுத்தாளில் இந்த இரண்டையும் ஒன்றாக எழுதிய மாணவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்ததுண்டு.

ஏன் அங்கே போகிறது? நீர் நொடிக்குப் பல லட்சம் முறை இறுகித் தளரும் இடத்தில் ஒரு செல் சிக்கிக்கொண்டால், அது நீரைவிடக் கொஞ்சம் விறைப்பானது என்பதால் நீர் இறுகும் அளவுக்கு இறுகாது. நீரைவிடக் கொஞ்சம் கனமானது என்பதால் நீர் ஊசலாடும் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கும். இந்த இரண்டு பொருத்தமின்மைகளாலும் அலை செல்லின் மேல் பட்டுச் சிதறுகிறது. ஒவ்வொரு அதிர்விலும் செல் ஒரு பக்கம் தள்ளப்பட்டு மறுபக்கம் இழுக்கப்படுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. ஆனால் முழுதாக ஈடாவதில்லை. சிறிது மிச்சம் எப்போதும் ஒரே திசையில் நிற்கிறது. நொடிக்கு இருபது லட்சம் முறை அந்தச் சொற்ப மிச்சம் சேர்ந்தால், சில நொடிகளில் செல் கணுவுக்கு வந்துவிடும்.

இதற்கு ஒலிக் கதிர்வீச்சு விசை என்று பெயர். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்களுக்குக் கதிர்வீச்சு என்றாலே கடற்கரை மணலில் உள்ள கதிரியக்கக் கனிமமான மோனசைட்தான் நினைவுக்கு வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கதிர்வீச்சுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. அலை சுமந்துவரும் உந்தத்தில் ஒரு பகுதியைப் பொருளிடம் விட்டுச் செல்வது என்பதே இங்கு பொருள். இதன் கணக்கை விறைப்பான கோளங்களுக்கு 1934-ல் கிங் எழுதினார். அமுங்கக்கூடிய கோளங்களுக்கு 1955-ல் ஜப்பானியரான யோசியோகாவும் கவாசிமாவும் எழுதினார்கள். 1962-ல் சோவியத் அறிஞர் கார்கோவ் அதை இன்று எல்லோரும் பயன்படுத்தும் எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தச் சமன்பாட்டில் செல்லைப் பற்றி உள்ள செய்திகள் மூன்றே: அதன் பருமன், அடர்த்தி, அமுங்கும் தன்மை. அது உயிரோடு இருக்கிறதா, உள்ளே டிஎன்ஏ இருக்கிறதா, யாருடைய உடலிலிருந்து வந்தது என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. உங்கள் கேள்வியின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். உயிருள்ள செல்லையும் செயற்கைச் செல்லையும் ஒரே தட்டில் ஒரே ஒலியால் அடுக்க முடிவது, ஒலி அவற்றின் வேறுபாட்டைப் பார்க்காததால்தான். எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஒட்டிப் பிடிப்பதாக இருந்தால் செல்லின் மேற்பரப்பு சரியாக இருக்க வேண்டும். காந்தத்தால் பிடிப்பதாக இருந்தால் உள்ளே காந்தத் துகளை ஊட்ட வேண்டும். ஒலிக்கு அந்தத் தயாரிப்பு எதுவும் வேண்டாம்.

மூன்றில் பருமனே பெரிய தடை. விசை ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 10 மைக்ரோமீட்டர் செல்லின் மேல் செயல்படும் விசையை 1 எனக் கொண்டால், 1 மைக்ரோமீட்டர் பாக்டீரியாவின் மேல் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. நீரின் இழுவையும் பாக்டீரியாவுக்குப் பத்து மடங்கு குறைவு என்பதால், நகரும் வேகம் நூற்றில் ஒரு பங்காகக் குறையும். அவ்வளவு மெதுவாகப் போகும் துகளை, ஒலியே நீரில் கிளப்பிவிடும் சுழலோட்டம் வேறெங்கோ இழுத்துச் சென்றுவிடும். ஃபாரடேயின் தூளுக்கு நேர்ந்தது இங்கே மீண்டும் வந்து நிற்கிறது. இரண்டு மெகாஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு இருபது லட்சம் அதிர்வில், ஓரிரு மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றைக் கோட்டில் நிறுத்துவது பெரும்பாடு.

அடர்த்தியும் அமுங்கும் தன்மையும் திசையைத் தீர்மானிக்கின்றன. சிவப்பணுவின் அடர்த்தி நீரைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல். அது கணுவுக்குப் போகிறது. கொழுப்புத் துளியோ நீரைவிட இலேசானது, எளிதில் அமுங்குவது. அது அழுத்தம் மிக அதிகமாக ஏறி இறங்கும் தளத்துக்கு, எதிர்க்கணுவுக்குப் போகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாரல் குழுவினர் இந்த முரணைப் பயன்படுத்தி, இதய அறுவைச் சிகிச்சையின்போது சேகரிக்கும் இரத்தத்தில் கலந்துவிடும் கொழுப்புத் துளிகளை மெல்லிய கால்வாய் ஒன்றின் ஓரங்களுக்கும் சிவப்பணுக்களை அதன் நடுவுக்கும் ஒதுக்கிப் பிரித்தார்கள். நம் கடற்கரையில் அலை வந்து போகும்போது இலேசான மணலைக் கொண்டுபோய்விட்டு இல்மனைட்டைக் கறுப்புப் பட்டையாக விட்டுச் செல்வதை ஒருவர் நினைக்கலாம். அதுவும் அடர்த்தியை வைத்துப் பிரிப்பதே. ஆனால் கடல் அலைக்கு அமுங்கும் தன்மை தெரியாது. ஒலிக்குத் தெரியும்.

அளவுகளைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகிறது. கொளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளில் மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் பார்க்கும் எக்கோ சவுண்டர் 200 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் அதன் அலைநீளம் ஏழு, எட்டு மில்லிமீட்டர். 2 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.75 மில்லிமீட்டர், கணுக்களின் இடைவெளி 0.375 மில்லிமீட்டர். 6 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் அந்த இடைவெளி 0.125 மில்லிமீட்டர் ஆகிவிடும். இது ஸ்கேன் சென்டரில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் மீயொலியின் அதிர்வெண் எல்லைக்குள் வருவது. எதிரெதிரே ஒரு சோடி வில்லைகள் இருந்தால் செல்கள் கோடுகளாக நிற்கும். செங்குத்தாக இன்னொரு சோடியைச் சேர்த்தால், புள்ளிக் கோலத்துக்கு வைக்கும் புள்ளிகளைப் போல, கட்டம் கட்டமான இடங்களில் கூடும். அதிர்வெண்ணை மாற்றினால் புள்ளிகளின் இடைவெளி மாறும். ஒரு வில்லை அதிரும் நேரத்தை, அதாவது அதிர்வின் கட்டத்தை (phase), சற்றே முன்பின்னாக்கினால் வரிசை முழுவதும் அப்படியே நகரும்.

இனி செயற்கைச் செல். இந்தப் பெயர் கொஞ்சம் பெரிய பெயர். உயிர் என்று சொல்லத்தக்க எதையும் இன்னும் யாரும் அடிப்படையிலிருந்து செய்துவிடவில்லை. இங்கே பேசப்படுபவை இரண்டு வகை. ஒன்று, கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கால் ஆன பெரிய குமிழ். படலத்தின் தடிமன் நான்கைந்து நானோமீட்டர், குமிழின் விட்டமோ பத்து முதல் ஐம்பது மைக்ரோமீட்டர். மற்றொன்று, எதிரெதிர் மின்னூட்டம் உள்ள நீண்ட மூலக்கூறுகள் நீரில் தாமாகவே ஒன்றுகூடிப் பிரியும் கோஅசர்வேட் துளி. அதற்குப் படலமே கிடையாது.

கொழுப்புக் குமிழைப் பற்றி ஒரு சந்தேகம் உங்களுக்கு எழுந்திருக்க வேண்டும். கொழுப்பு எதிர்க்கணுவுக்குப் போகும் என்றால் இந்தக் குமிழும் அங்கேதானே போக வேண்டும்? போவதில்லை. படலம் அவ்வளவு மெல்லியது என்பதால் ஒலிக்கு அது ஏறத்தாழ இல்லாத பொருள். ஒலி பார்ப்பது உள்ளே இருக்கும் நீர்மத்தை. ஆகவே குமிழைச் செய்யும்போதே உள்ளே சுக்ரோஸ் கரைசலும் வெளியே அதே செறிவில் குளுக்கோஸ் கரைசலும் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே செறிவு என்பதால் சவ்வூடு பரவலால் குமிழ் வீங்குவதோ சுருங்குவதோ இல்லை. சுக்ரோஸ் மூலக்கூறு பெரியது என்பதால் உட்புறம் கூடுதல் அடர்த்தி பெறுகிறது. அந்தச் சிறிய வேறுபாடே குமிழைக் கணுவில் பிடித்து நிறுத்தப் போதுமானது. நுண்ணோக்கியில் குமிழ்கள் அடியில் படிந்து தெளிவாகத் தெரிவதற்காக உயிர்வேதியியலார் எப்போதோ பழகிக்கொண்ட சர்க்கரை உத்தி, ஒலியியலாருக்கும் அப்படியே பயன்பட்டுவிட்டது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஸ்டீபன் மானும் மீயொலிப் பொறியாளர் புரூஸ் டிரிங்க்வாட்டரும் தத்தம் குழுக்களோடு சேர்ந்து, 2016-ல் கோஅசர்வேட் துளிகளைச் சதுரக் கட்டமாக நிறுத்திக் காட்டினார்கள். சிறு துளிகள் கணுவுக்கு வந்து ஒன்றோடொன்று கலந்து, கணுவுக்கு ஒன்றாக, ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. 2019-ல் அதே வழியில், சீனாவின் ஹார்பினில் உள்ள ஆய்வாளர்களுடன் இணைந்து, கொழுப்புக் குமிழ்களின் வரிசைகளையும், குமிழ்களும் உயிருள்ள செல்களும் கலந்த வரிசைகளையும் அமைத்தார்கள்.

அடுக்கி என்ன காண்கிறார்கள் என்பது உங்கள் மூன்றாவது கேள்வி. செல்கள் ஒன்றோடொன்று பேசுவது வேதிப்பொருள்களால். அந்தப் பேச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது இடைவெளி. ஒரு சிறு மூலக்கூறு தானாக விரவிப் பத்து மைக்ரோமீட்டரைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நூறு மைக்ரோமீட்டருக்குப் பத்து நொடி ஆகும். ஒரு மில்லிமீட்டருக்குக் கால் மணி நேரத்துக்கும் மேல். தொலைவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகிறது. எனவே இரண்டு செல்களைப் பக்கத்தில் வைப்பதும் தள்ளி வைப்பதும் வெறும் அழகுக்கான ஏற்பாடு அல்ல; அந்த இடைவெளியே அவற்றின் உரையாடலை உண்டாக்கவும் அழிக்கவும் செய்கிறது.

எளிய ஒரு எடுத்துக்காட்டு. ஒரு குமிழுக்குள் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை அடைத்துவைத்தால், அது உள்ளே வரும் குளுக்கோஸை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும். பக்கத்துக் குமிழில் பெராக்சிடேஸ் நொதி இருந்தால், வந்து சேரும் பெராக்சைடைக் கொண்டு நிறமற்ற ஒரு சாயப்பொருளைச் சிவப்பாக ஒளிரச் செய்யும். முதல் குமிழ் சொன்னது இரண்டாம் குமிழுக்குக் கேட்டதா என்பதை நுண்ணோக்கியில் அந்தச் சிவப்பைப் பார்த்தே அறியலாம். இரண்டாம் குமிழ் இருந்த இடத்தில் உயிருள்ள செல்லை வைத்துப் பாருங்கள்: ஒரு செயற்கைப் பொருள் தரும் செய்திக்கு உயிருள்ள செல் என்ன மறுமொழி தருகிறது என்ற கேள்வியை இடைவெளியை அளந்து கேட்க முடிகிறது. குடுவையில் எல்லாவற்றையும் கலக்கி வைத்தால் யார் யாரிடம் பேசினார்கள் என்றே தெரியாது.

உயிருள்ள செல்களை மட்டும் அடுக்கும் வேலை இதைவிட முன்னேறியிருக்கிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டயான் டலெக்கி, டெனிஸ் ஹாக்கிங் குழுவினர் இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை மீயொலி நிலையலையால் கொலாஜன் கூழுக்குள் பட்டைகளாக அடுக்கினார்கள். அடுக்கிய இடத்திலிருந்து செல்கள் கிளைவிட்டு நுண்குழாய் வலையாக வளர்ந்தன. 2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் பிரிஸ்டலும் சேர்ந்து, தசைச் செல்களின் முன்னோடிகளைக் கூழுக்குள் இணைகோடுகளாக நிறுத்தி, ஒரே திசையில் ஓடும் தசைநார்களாக வளர்த்தார்கள். தசைக்குத் திசை இன்றியமையாதது. நாலாபுறமும் சிதறிக்கிடக்கும் நார்கள் சுருங்கினால் எந்தப் பக்கமும் இழுவை கிடைக்காது.

இங்கே கூழ் எதற்கு என்றால், ஒலியை நிறுத்தியதும் வரிசை கலைந்துவிடும் என்பதற்கு. ஒலி செல்லை இடத்தில் நிற்கவைக்கிறதே தவிர ஒட்டுவதில்லை. இதை நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் விளக்க வேண்டியதில்லை: பாலை வடிகட்டித் தட்டில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் சேர்த்துக் கலக்கி, நுரையை வழித்துவிட்டால், அதன்பின் உறையும் வரை தட்டை யாரும் தொடக் கூடாது. இங்கும் அப்படித்தான். செல்கள் கோட்டில் நிற்கும்போதே சூழ்ந்துள்ள நீர்மம் உறைய வேண்டும். உறையும் வரை ஒலி ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கொலாஜன் சூடேறும்போது உறையும். அகரோஸ் குளிரும்போது உறையும். ஆல்ஜினேட் கால்சியம் பட்டதும் உறையும். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கும் பொருள். முட்டம் பாறைகளில் அலைக்கு ஆடிக்கொண்டிருக்கும் பாசிகளில் அந்த இனத்தவையும் உண்டு. ஆனால் கால்சியம் பட்ட நொடியிலேயே அது கெட்டியாவதால், ஒலியோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது உறைவதைத் தாமதப்படுத்தத் தனி ஏற்பாடு வேண்டும்.

செல் சாகாதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. நகைக்கடையிலும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் அழுக்கு நீக்க வைத்திருக்கும் மீயொலித் தொட்டி 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடுவது; அதில் நீருக்குள் நுண்குமிழ்கள் பிறந்து வெடித்துச் சுருங்குவதால்தான் அழுக்கு பெயர்கிறது. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் செல்லை உடைக்கவே 20 கிலோஹெர்ட்ஸ் கோலை நீரில் விடுகிறார்கள். அதிர்வெண் மெகாஹெர்ட்ஸுக்கு உயர்ந்தால், அப்படிக் குமிழ்களை உண்டாக்க மிகுந்த அழுத்தம் தேவைப்படும். செல்லை அடுக்கப் போதுமான ஒலி பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. சில நிமிடங்கள் இப்படி நின்ற செல்கள் பின்னர் இயல்பாகப் பிரிந்து வளர்கின்றன. உண்மையான எதிரி சூடுதான். வில்லை சூடாகும், கூழ் சூடாகும். 37 டிகிரிக்குப் பழகிய செல்லுக்கு 42 டிகிரி தாங்காது. அதனால் நல்ல கருவிகளில் அடியில் குளிரூட்டும் தகடு இருக்கும்.

இந்தத் துறைக்கு ஓர் எச்சரிக்கை தொடக்கத்திலேயே கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1974-ல் லண்டனில் மேரி டைசன் குழுவினர், கோழிமுட்டைக் கருவின் இரத்தக்குழாய்களில் மீயொலி நிலையலை விழும்போது, ஓடிக்கொண்டிருந்த இரத்த அணுக்கள் அரை அலைநீள இடைவெளியில் பட்டைகளாக நின்றுவிடுவதையும், குழாயின் உட்சுவரில் சில இடங்களில் சேதம் ஏற்படுவதையும் பதிவு செய்தார்கள். சிகிச்சை மீயொலியின் ஆபத்தாக அன்று பார்க்கப்பட்ட அதே நிகழ்வு, இன்று திசுவை வளர்க்கும் கருவியாகியிருக்கிறது.

இப்போது ஆச்சியின் கேள்வி. அதைச் சிரித்துத் தள்ள நான் விரும்பவில்லை. சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயில் இசைத்தூணைத் தட்டிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒலியில் ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மனிதக் குரலை 150 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், நீரிலும் கிட்டத்தட்ட நீரால் ஆன நம் உடலிலும் அதன் அலைநீளம் பத்து மீட்டர். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே ஐந்து மீட்டர். நிற்கும் மனிதரின் உயரத்துக்குள் ஒரு சோடிக் கணுக்கள்கூட அடங்காது. செல்களை மைக்ரோமீட்டர் கணக்கில் அடுக்குவது எப்படி? கோயில் மணியை இன்னும் மேலே, ஆயிரம் ஹெர்ட்ஸ் என்று வைத்தாலும் கணு இடைவெளி முக்கால் மீட்டர். போதாக்குறைக்கு, காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. மந்திரத்தால் மனம் அடங்குகிறது என்றால் அதை நான் மறுக்கவில்லை. செல் அடுக்கப்படுகிறது என்று வாட்ஸாப்பில் வரும் மணல் வடிவப் படங்களை அதற்குச் சான்றாகக் காட்டினால் மட்டும் மறுக்கிறேன். அந்தப் படங்களில் இருப்பது கிளாட்னியின் தகடு.

ஒலியால் செல்கள் வரிசையில் நிற்பதை நீங்கள் நேரில் பார்க்க முடியுமா என்றால், முடியும். அறையில் செயற்கை மூடுபனி எழுப்பும் மிஸ்ட் மேக்கர் கருவிக்குள் இருக்கும் 1.7 மெகாஹெர்ட்ஸ் பீங்கான் வில்லை தனியாகவும் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. அதன் சொந்த மின்சுற்றில் ஓட்டினால் நீரைப் பீய்ச்சியடிக்கும் என்பதால், ஆய்வகத்து அலைவரிசை ஆக்கியோடும் (சிக்னல் ஜெனரேட்டர்) சிறு பெருக்கியோடும் இணைத்து, குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்ட வேண்டும். வில்லையின் மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சதுரக் கண்ணாடிப் பெட்டியை சிலிக்கான் பசையால் ஒட்டி, மேலே எதிரொலிக்க ஒரு தடித்த கண்ணாடித் துண்டை, நீரைத் தொடும்படி, வில்லைக்கு இணையாக வைக்க வேண்டும். நீருக்குள் ஆப்ப மாவுக்குப் போடும் ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை.

என் முதல் வில்லை, நீர் ஊற்றுமுன் ஓட்டியதால் விரிசல் விட்டது. இரண்டாவது முறை கோடுகள் தோன்றித் தோன்றி உடைந்தன. ஒரு மாலை முழுவதும் மின்சுற்றைக் குறைசொல்லிக்கொண்டிருந்த பிறகுதான், பழக்கத்தில் ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்திருந்தது நினைவுக்கு வந்தது. ஈஸ்ட் வளிக்குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. குமிழ் ஒன்று போதும், நிலையலை சிதைந்துவிடும். மறுநாள் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில், சர்க்கரை இல்லாமல், இரண்டு முறை கழுவிய ஈஸ்ட்டைப் போட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அதிர்வெண்ணைச் சற்றுச் சற்றாக மாற்றினேன். கலங்கலாக இருந்த நீர் ஒரு கட்டத்தில் திடீரென்று கோடு கோடாகப் பிரிந்தது. மெல்லிய வெண் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அந்தரத்தில் நின்றன. கைப்பேசியில் படம் எடுத்து, பக்கத்தில் வைத்த அளவுகோலோடு ஒப்பிட்டு எண்ணினேன். இருபது இடைவெளிகள் 8.8 மில்லிமீட்டர். ஒன்று 0.44, அலைநீளம் 0.88, அதை 1.7 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் நொடிக்கு 1,496 மீட்டர். ஆப்ப ஈஸ்ட்டை வைத்து நீரில் ஒலியின் வேகத்தை அளந்திருந்தேன். ஒலியை நிறுத்தியதும் தட்டுகள் விளிம்பிலிருந்து தொய்ந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடிக்கு இறங்கின.